மணல் ஈயில் லீஷ்மேனியா தேடுதல்: பொறியிலிருந்து பி.சி.ஆர். வரை

லீஷ்மேனியா என்ற ஒட்டுண்ணியைப் பரப்பும் மணல் ஈ 2–3 மில்லிமீட்டர்தான் இருக்கும். கொசுவுக்காகத் தைத்த வலைப்பையில் விழுந்தால் நழுவிப் போய்விடும். அதனால் ஒளிப்பொறியின் பையை நெருக்கமான வலைத்துணியில் மாற்றித் தைத்துக்கொள்ளுங்கள். பொறியை மாலை மங்கும்போது தொங்கவிட்டு, விடிந்ததும் எடுங்கள். கயிற்றில் கிரீஸ் தடவ மறந்தால் எறும்புகள் முந்திக்கொள்ளும்.

பிடித்த ஈக்களை உறைபெட்டியில் வைத்துக் கொன்று எத்தனாலில் போடுங்கள். 96 சதவீத எத்தனால் டி.என்.ஏ.வை நன்றாகக் காக்கும், ஆனால் ஈயின் உடல் நொறுங்கும். இனம் காண உருவம் கெடாமல் வேண்டுமென்றால் 70 சதவீதம் போதும். ஃபார்மலின் பக்கமே போகாதீர்கள். அதில் ஊறிய டி.என்.ஏ. பி.சி.ஆருக்கு (டி.என்.ஏ. துண்டைப் பல மடங்காகப் பெருக்கும் முறை) சரிவராது.

ரத்தம் குடிப்பது பெண் ஈ மட்டுமே. ஆண்களை எறிந்துவிட வேண்டாம், பின்னால் பயன்படும். பெண் ஈக்களை வயிற்றைப் பார்த்துப் பிரித்துவையுங்கள்: வெறும் வயிறு, புதிதாகக் குடித்தது, பாதி செரித்தது, முட்டை நிறைந்தது. இந்தப் பிரிப்பைத் தவிர்த்தால் கடைசியில் வரும் முடிவுக்குப் பொருளே இருக்காது.

ஒவ்வொரு ஈயையும் ஒரு சொட்டு உப்புக்கரைசலில் வைத்து, 2 ஊசிகளால் தலையையும் வயிற்றின் கடைசிக் கணுக்களையும் துண்டியுங்கள். அவை கண்ணாடித் தகட்டுக்குப் போகும். தொண்டைப் பற்களையும் விந்துப்பையையும் பார்த்துத்தான் இனத்தை உறுதிசெய்ய முடியும். மார்பும் மீதி வயிறும் 1.5 மில்லி குழாய்க்கு. அடுத்த ஈயைத் தொடுமுன் ஊசிகளை 10 சதவீத பிளீச்சிலும், பிறகு நீரிலும், பிறகு எத்தனாலிலும் முக்குங்கள்.

வெறும் வயிற்று ஈக்களை ஒரே இனம், ஒரே இடம், ஒரே நாள் என்ற கணக்கில் 10 வரை சேர்த்து ஒரு தொகுப்பாக்கலாம். ரத்தம் குடித்தவற்றைத் தனித்தனியாகவே வையுங்கள்.

எத்தனால் முழுக்க ஆவியான பிறகே ஈயை நசுக்குங்கள்; மிச்சமிருந்தால், புரதத்தைச் சிதைக்கும் நொதியான புரோட்டினேஸ் கே சரியாக வேலை செய்யாது. 180 மைக்ரோலிட்டர் சிதைவுக் கரைசல், 20 மைக்ரோலிட்டர் புரோட்டினேஸ் கே, 56 டிகிரி செல்சியஸில் ஓர் இரவு. அதன்பின் டி.என்.ஏ.வைச் சிலிக்கா வடிகுழல் வழியே பிரித்து 50 மைக்ரோலிட்டரில் எடுங்கள். ஒவ்வொரு சுற்றிலும் ஓர் ஆண் ஈயும் ஒரு வெற்றுக் குழாயும் உடன் போகட்டும். ஆண் ஈ ரத்தம் குடிப்பதில்லை; அதில் லீஷ்மேனியாவுக்கான பட்டை (ஜெல்லில் டி.என்.ஏ. காட்டும் கோடு) தெரிந்தால் அந்தச் சுற்று முழுதும் குப்பைக்குத்தான்.

முதலில் ஈயின் சொந்த சி.ஓ.ஐ. மரபணுவைப் பெருக்கிப் பாருங்கள். அது வரவில்லையென்றால் டி.என்.ஏ. இல்லை, அல்லது ரத்தத்தின் ஹீம் என்ற நிறமி பி.சி.ஆரைத் தடுக்கிறது. 10 மடங்கு நீர்க்கச்செய்து பாருங்கள், பி.எஸ்.ஏ. என்ற மாட்டு ரத்தப் புரதத்தைச் சேர்ப்பதும் கைகொடுக்கும்.

லீஷ்மேனியா உள்ள மாதிரிகளை முதலில் வடிகட்டிப் பிரிக்க, அந்த ஒட்டுண்ணியின் கைனெட்டோபிளாஸ்ட் மினிவளையம் (சிறு டி.என்.ஏ. வளையம்) சிறந்தது. ஒரு செல்லில் சுமார் 10,000 பிரதிகள் இருப்பதால் மிகக் குறைந்த ஒட்டுண்ணியும் சிக்கும். 13ஏ, 13பி பிரைமர்கள் (பெருக்க வேண்டிய துண்டின் இரு முனைகளில் ஒட்டும் சிறு டி.என்.ஏ. இழைகள்) 120 கார இணை நீளமுள்ள துண்டைத் தரும். இந்தக் கூருணர்வே அதன் ஆபத்தும்: காற்றில் மிதக்கும் பழைய பி.சி.ஆர். துளி ஒன்றும் பட்டையாகிவிடும். கலவை தயாரிக்கும் அறையும் ஜெல் ஓட்டும் அறையும் வேறாக இருக்க வேண்டும். பிப்பெட்டுக்கு வடிகட்டி வைத்த முனைகள் கட்டாயம்.

பட்டை தந்தவற்றில், லீஷ்மேனியாவின் இனத்தைக் காண உதவும் ஐ.டி.எஸ்.1 என்ற டி.என்.ஏ. பகுதியைப் பெருக்குங்கள். மாஸ்டர் மிக்ஸ் 12.5, 10 மைக்ரோமோலார் பிரைமர்கள் தலா 1, நீர் 8.5, டி.என்.ஏ. 2, ஆக 25 மைக்ரோலிட்டர். 95 டிகிரியில் 2 நிமிடம். பிறகு 95இல் 20 நொடி, 53இல் 30 நொடி, 72இல் 1 நிமிடம் என்று 32 சுற்றுகள். கடைசியாக 72இல் 6 நிமிடம். 2 சதவீத அகரோசில் 300–350 கார இணையில் பட்டை தெரியும்.

அந்தத் துண்டை ஹே-3 (HaeIII) நொதியால் வெட்டினால் லீஷ்மேனியா மேஜர் இனத்தைப் பிரித்தறியலாம், ஆனால் டோனோவானி, இன்ஃபேன்டம் என்ற இரு இனங்களும் ஒரே மாதிரி தெரியும். செர்ஜென்டோமியா பேரின மணல் ஈ என்றால் டி.என்.ஏ. வரிசைமுறை பார்க்காமல் முடிவு சொல்லாதீர்கள். பல்லிகளின் ஒட்டுண்ணியான லீஷ்மேனியா டாரென்டோலே அங்கே அடிக்கடி குறுக்கிடும்.

10 ஈக்கள் கொண்ட 40 தொகுப்புகளில் 2 நேர்மறை என்றால், ஒவ்வொன்றிலும் ஓர் ஈக்காவது தொற்று உண்டு என்ற கணக்கில் குறைந்தபட்சத் தொற்று விகிதம் 400க்கு 2, அதாவது 0.5 சதவீதம். புதிதாக ரத்தம் குடித்த ஈயில் கிடைத்த லீஷ்மேனியா டி.என்.ஏ., கடிபட்ட விலங்கின் ரத்தத்தோடு வந்ததாக இருக்கலாம். அதை இந்தக் கணக்கில் சேர்க்காமல் தனி வரியில் எழுதுங்கள்.