மில்லிங் மெஷினை வீட்டிலேயே சிஎன்சி ஆக்க: ஆட்டத்தை எடுத்துவிட்டு மோட்டாரை வாங்குங்கள்

பிஎஃப்20 மாதிரி மேசைமேல் வைக்கிற சின்ன மில்லிங் மெஷின் (சுழலும் கட்டரால் உலோகத்தை வெட்டுவது) கையில் இருந்தால், அதைக் கணினி சொல்படி ஓட வைப்பது, அதாவது சிஎன்சி ஆக்குவது, வீட்டில் முடிகிற வேலைதான். 1952இல் எம்ஐடியில் காட்டிய எண் கட்டுப்பாட்டு மில்லிங் மெஷின்கூட சின்சினாட்டி ஹைட்ரோ-டெல் என்ற பழைய மெஷினை மாற்றிச் செய்ததுதான். ஆனால் இதில் இறங்குகிற எல்லாரும் முதலில் கேட்பது எந்த மோட்டார், எந்த போர்டு என்று. தயவுசெய்து அதைக் கடைசிக்குத் தள்ளுங்கள். டேபிளை நகர்த்தும் திருகிலும் அதன் பேரிங்கிலும் ஆட்டம், அதாவது தளர்வு, இருக்கிற மெஷினில் எவ்வளவு விலை உயர்ந்த மோட்டாரைப் பூட்டினாலும் வட்டம் வட்டமாக வராது.

முதல் வேலை அளப்பது. டயல் கேஜை (நுண்ணிய நகர்வை முள்ளால் காட்டும் கருவி) டேபிள்மீது முட்டவைத்து, கைச்சக்கரத்தை ஒரே பக்கமாகச் சுற்றி முள்ளை சுழியத்துக்குக் கொண்டுவாருங்கள், பிறகு எதிர்ப்பக்கம் மெதுவாகத் திருப்புங்கள். முள் அசைவதற்கு முன் சக்கரம் எவ்வளவு சும்மா சுற்றியதோ அதுதான் பேக்லாஷ். லீட் ஸ்க்ரூ எனும் சாதாரணத் திருகில் இது 0.2 மி.மீ. இருப்பது சகஜம். அப்புறம் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு டேபிளைக் கையால் முன்னும் பின்னும் தள்ளிப் பாருங்கள். திருகும் சேர்ந்து அசைந்தால் பேரிங்கில் கோளாறு, திருகு நிற்க டேபிள் மட்டும் அசைந்தால் நட் தேய்ந்திருக்கிறது. பக்கவாட்டில் ஆடினால் டேபிள் வழுக்கி ஓடும் டவ்டெயில் தடத்தில் இருக்கும் கிப் என்ற பட்டையை இறுக்க வேண்டும், இது காசில்லாத வேலை.

கையால் ஓட்டும்போது இந்த ஆட்டம் தெரியாமல் போவதற்குக் காரணம், நாம் எப்போதும் ஒரே பக்கத்திலிருந்து அளவுக்கு வருவதுதான். புரோகிராம் அப்படி இல்லை, ஒரு வட்டத்துக்குள்ளேயே ஒவ்வொரு அச்சும் இரண்டு முறை திசை மாறும். மென்பொருளில் பேக்லாஷ் ஈடுசெய்யும் வசதி இருக்கிறதே என்பீர்கள். அது இடத்தைத்தான் சரிசெய்யும், டேபிளைப் பிடித்து வைக்காது. கிளைம்ப் மில்லிங்கில் (கட்டரின் பல் சுழலும் திசையிலேயே டேபிளும் நகரும் வெட்டு) கட்டர் வேலைத்துண்டைத் தன் பக்கம் இழுக்கும்போது டேபிள் அந்த 0.2 மி.மீ.யும் தாவும், எண்ட் மில் எனும் அந்தக் கட்டர் உடையும்.

அதனால் பணத்தின் பெரும்பகுதி பால் ஸ்க்ரூவுக்கு, அதாவது நட்டுக்குள் குண்டுகள் உருளும் திருகுக்கு, போகட்டும். இந்த அளவு மெஷினுக்கு எஸ்எஃப்யு 1605 போதும், அதாவது 16 மி.மீ. விட்டம், ஒரு சுற்றுக்கு 5 மி.மீ. நகர்வு. சி7 தரம் என்றால் 300 மி.மீ. நீளத்துக்கு 0.05 மி.மீ.க்குள் பிழை, வீட்டு வேலைக்கு நல்லதே. திருகு கடினமாக்கப்பட்டது என்பதால் முனைகளைக் கடைந்தே வாங்குங்கள். நட்டை மட்டும் சும்மா பார்க்கலாம் என்று கழற்றாதீர்கள், உள்ளே இருக்கும் குண்டுகள் எல்லாம் கொட்டிவிடும். மோட்டார் பக்க முனையில் ஆங்குலர் கான்டாக்ட் பேரிங் (நீளவாக்குத் தள்ளலையும் தாங்கும் வகை) ஜோடியாகப் போட்டு, முன்னிறுக்கம் கொடுத்து, அதாவது தளர்வே இல்லாதபடி இறுக்கி, பூட்ட வேண்டும். மறுமுனை சாதாரண பேரிங்கில் தளர்வாக இருக்கலாம், சூட்டில் திருகு நீள்வதற்கு இடம் வேண்டும்.

மெஷினைப் பிரிப்பதற்கு முன்னாலேயே மோட்டார் மவுண்ட், நட் பிராக்கெட் எல்லாவற்றையும் அதே மெஷினில் வெட்டி முடித்துவிடுங்கள். பிரித்துப் போட்டபிறகு ஒரு பிராக்கெட் அரை மி.மீ. தவறினால் அதைத் திருத்த உங்களிடம் மில்லிங் மெஷின் இருக்காது.

மேலும் கீழும் போகும் இசட் அச்சு தனிக் கவனம் கேட்கும். பழைய திருகு உராய்வினால், கட்டரைச் சுழற்றும் ஹெட்டைத் தாங்கி நின்றது, பால் ஸ்க்ரூவில் அந்த உராய்வு கிடையாது, மின்சாரம் போனால் ஹெட் தானாக இறங்கலாம். பிரேக் உள்ள மோட்டார் போடுங்கள். கார் டிக்கியைத் தூக்கிப் பிடிக்கிற கேஸ் ஸ்ட்ரட்டும் எடையைத் தாங்க உதவும்.

இனி மின்சாரம். டேபிள் நகரும் எக்ஸ், ஒய் அச்சுகளுக்கு 3 நியூட்டன் மீட்டர் அளவில் நெமா 23 (முகப்பு அளவின் பெயர்) ஸ்டெப்பர், அதாவது படிப்படியாகச் சுழலும் மோட்டார், இசட்டுக்கு அதைவிடப் பெரியது. மோட்டாருக்குக் கரன்ட் ஊட்டும் டிஎம்556 மாதிரி டிரைவருக்கு 50 வோல்ட்தான் உச்சம், மோட்டார் வேகம் குறையும்போது வோல்டேஜ் எகிறும் என்பதால் 36 வோல்ட் சப்ளை நிம்மதி. ஸ்டெப்பர் ஒரு சுற்றுக்கு 200 படி, டிரைவரில் ஒவ்வொரு படியையும் எட்டாகப் பிரித்தால் 1600, அதைத் திருகின் ஒரு சுற்று நகர்வான 5ஆல் வகுத்தால் ஒரு மி.மீ.க்கு 320 பல்ஸ், இந்த எண்ணைத்தான் மென்பொருளில் கொடுக்க வேண்டும். மூன்று அச்சுக்கு ஆர்டுயினோ உனோ என்ற சின்ன போர்டில் ஓடும் ஜிஆர்பிஎல் மென்பொருள் போதும், செலவும் குறைவு. நான்காவது அச்சு, டூல் மாற்றம் என்று பின்னால் ஆசை வரும் என்றால் பழைய கணினியில் லினக்ஸ்சிஎன்சி மென்பொருளும் டிரைவருக்குப் பல்ஸ் அனுப்ப ஒரு மெசா போர்டும் போடுங்கள், என் தேர்வு அதுதான்.

வயரிங்கில் விட்டுக்கொடுக்கக் கூடாதவை சில. எமர்ஜென்சி ஸ்டாப் அழுத்தினால் மோட்டார் சப்ளையும் கட்டரைச் சுழற்றும் ஸ்பிண்டிலும் சேர்ந்து நிற்க வேண்டும், மென்பொருளிடம் சொல்லி நிறுத்துவதை நம்ப வேண்டாம். அச்சின் கோடியில் மெஷினை நிறுத்தும் லிமிட் சுவிட்சுகள் சாதாரண நிலையில் மின்சுற்று மூடிய வகையாக இருக்கட்டும், வயர் அறுந்தாலும் மெஷின் நிற்கும். மெஷின் உடம்பை எர்த் செய்யுங்கள். சிக்னல் கேபிளின் ஷீல்டை ஒரு முனையில் மட்டும் எர்த் செய்யுங்கள். கரன்ட் இருக்கும்போது மோட்டார் வயரைப் பிடுங்கினால் டிரைவர் போய்விடும். விரல் விஷயத்திலும் கவனம்: 3 நியூட்டன் மீட்டர் மோட்டார் 5 மி.மீ. பால் ஸ்க்ரூவில் 3,000 நியூட்டனுக்கு மேல் தள்ளும், ஓடும்போது கை உள்ளே போகவே கூடாது.

எல்லாம் பூட்டியதும் வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள், மோட்டார் படி தவறும் இடம் தெரியவந்ததும் அதற்கு நன்றாகக் கீழே, பாதி அளவில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு அலுமினியத்தில் 50 மி.மீ. வட்டம் ஒன்றை வெட்டிப் பாருங்கள். அச்சுகள் திசை மாறும் நான்கு இடங்களில் சின்னப் படியோ தட்டையோ தெரிந்தால் இன்னும் ஆட்டம் பாக்கி இருக்கிறது, பேரிங் முன்னிறுக்கத்தையும் நட்டையும் மறுபடி பாருங்கள். வட்டம் சாய்ந்த முட்டை வடிவில் வந்தால் எக்ஸும் ஒய்யும் ஒன்றுக்கொன்று செங்குத்தாக இல்லை. வெட்டு ஆரம்பித்த இடமும் முடிந்த இடமும் சேரவில்லை என்றால் படி தவறியிருக்கலாம், முடுக்கத்தைக் குறைத்து மறுபடி வெட்டுங்கள்.