கற்ற பாடத்தை ஒரு பக்கத்தில் எழுதுவது எப்படி?

யாழ்ப்பாணத்தில் ஒரு திட்டம் முடிந்தால் பதாகையைக் கழற்றுவார்கள், கதிரைகளை அடுக்குவார்கள். மூன்று வருட அனுபவம் அலுவலரோடு சேர்ந்து கொழும்பு பஸ் ஏறிவிடும். நான் வேலை செய்த ஓரிடத்தில் அலுவலர் விலகிய மறுகிழமையே அவருடைய மடிக்கணினியைத் துடைத்துப் புதியவரிடம் கொடுத்தார்கள். பாவம், பழைய பிழைகளையே அவரும் வரிசையாகச் செய்தார்.

1919 இல் தொடங்கிய சர்வதேச தொழில் ஸ்தாபனத்தில், அதாவது ஐ.எல்.ஓ.வில், இதற்கு ஒரு வழக்கம் உண்டு. திட்டத்தை மதிப்பிடும்போது ஒவ்வொரு ‘கற்ற பாடத்தையும்’, எது சரிவந்தது, எது பிழைத்தது, ஏன் என்பதை, தனித்தனிப் படிவத்தில் எழுதுவார்கள். நம் சங்கங்களுக்கும் அது பொருந்தும்.

படி 1: ஏற்கெனவே என்ன இருக்கிறது?

ஐ-எவல் டிஸ்கவரி (i-eval Discovery) என்ற ஐ.எல்.ஓ.வின் மதிப்பீட்டு இணையத்தளத்தில் இலங்கையைத் தெரிவுசெய்யுங்கள். வடக்கில் கூட்டுறவுச் சங்கங்களோடு வேலை செய்த, ஐ.எல்.ஓ.வின் லீட் (LEED) திட்டத்தின் மதிப்பீடுகளைத் தேடிப் படியுங்கள். அரை நாள் போதும்.

படி 2: கரைக்குப் போங்கள்

கரையோரக் கிராமம் ஒன்றில் நண்டு வாங்கும் சங்கம் என்று வைத்துக்கொள்வோம். கூட்டம் கூட்டினால் தலைவர் கதைப்பார், மற்றவர்கள் தலையாட்டுவார்கள். வலையிலிருந்து நண்டு கழற்றும் நேரத்தில் பக்கத்தில் போய் இருங்கள். பெண்களிடம் தனியாகக் கேளுங்கள். எது பிழைத்தது, ஏன், திரும்பச் செய்தால் எதை மாற்றுவீர்கள்? இவ்வளவுதான். அன்று பின்னேரமே எழுதிவிடுங்கள்.

படி 3: படிவம்

சுருக்கம், சூழ்நிலை, யாருக்குப் பயன், சறுக்கலும் காரணமும், வெற்றியும் காரணமும், பிறகு ஆள், பணம், திட்ட வடிவமைப்பு போன்ற நிர்வாக விடயங்கள். எல்லோரும் வழுக்குவது ‘காரணம்’ என்ற கட்டத்தில்தான்.

“உறுப்பினர்களின் ஒத்துழைப்புக் குறைவு” என்று எழுதாதீர்கள். அது பாடமில்லை, மனஸ்தாபம். ஏன் நண்டு சங்கத்துக்கு வரவில்லை? சங்கம் பதினைந்து நாளுக்கு ஒருமுறை காசு கொடுத்தது. வீட்டுச் செலவுக்கோ அன்றைக்கே காசு வேண்டும். போதாததற்கு, வியாபாரியிடம் வாங்கிய முற்பணம் கழுத்தில் நிற்கிறது. இப்போது எழுதுங்கள்: “முற்பணக் கடன் உள்ள இடத்தில், அன்றன்றைக்குக் காசு கொடுக்கச் சுழல்நிதி இல்லாமல் சங்கம் கொள்வனவைத் தொடங்கக் கூடாது.” உங்கள் ஊரைக் கண்டிராத மன்னார்க்காரர் ஒருவர் இதை வாசித்து, நாளைக்கு என்ன செய்வது என்று விளங்கிக்கொண்டால் சரி.

‘யாருக்குப் பயன்’ என்பதில் காசு தந்தவரை மட்டும் நினைக்காதீர்கள். ஐ.எல்.ஓ.வில் அரசும் முதலாளிமாரும் தொழிலாளரும் ஒன்றாக இருந்து முடிவெடுக்கிறார்கள். நீங்கள் எழுதும் பக்கம் தொழில் திணைக்களத்துக்கா, நண்டு பதனிடும் கம்பனிக்கா, சங்கத்துக்கா என்று தெளிவாகச் சொல்லுங்கள்.

படி 4: பெயரை நீக்குங்கள்

கதை சொன்னவரின் பெயரை மட்டும் நீக்கினால் காணாது. ‘இரண்டு வள்ளம் வைத்திருக்கும் விதவை’ என்று எழுதினாலே ஊருக்கு ஆளைத் தெரிந்துவிடும்.

படி 5: வைக்கும் இடம்

கோப்புக்கு ஆண்டு, இடம், விடயம் என்று பெயர் வையுங்கள். ‘இறுதி’, ‘இறுதி-புதியது’ எல்லாம் வேண்டாம். ஐ.எல்.ஓ.வின் தலைமையகம் இருக்கும் ஜெனீவாவில் வேலை நடப்பது ஆங்கிலம், பிரெஞ்சு, ஸ்பானிய மொழிகளில், ஆகவே உங்கள் பக்கம் அநேகமாக ஆங்கிலத்தில்தான் போகும். அதற்கு முன் தமிழ்ப் பிரதியைச் சங்கத்துக்குக் கொண்டுபோய் உரக்க வாசித்துக் காட்டுங்கள். யாராவது ஒருவர் “அது அப்பிடியில்லை, தம்பி” என்பார். திருத்திவிட்டு அனுப்புங்கள்.