சிந்தசைசருக்கு ஒரு வால்வு: 12 வோல்ட்டில் செய்து பார்ப்போம்

கொழிஞ்சாம்பாறையில் எங்கள் வீட்டில் தாத்தாவின் வால்வு ரேடியோ இன்னும் பாடுகிறது. ஆன் செய்தால் உடனே சத்தம் வராது. கண்ணாடிக்குள் இழை சிவந்து, எலக்ட்ரான்கள் கிளம்பும் வரை காத்திருக்க வேண்டும். அதே வால்வு சிந்தசைசர் ஒலிக்கும் அழகான ஒரு கரகரப்பைத் தரும். 1939-இல் வந்த ஹேமண்ட் நோவாகார்டு என்ற பழைய சிந்தசைசரில் 163 வால்வுகள் இருந்தன. நமக்கு ஒன்று போதும்.

ஆனால் பழைய ரேடியோவைத் திறந்து அதில் கைவைக்காதீர்கள். உள்ளே 200 வோல்ட்டுக்கு மேல் ஓடும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கண்டன்சரில் தங்கியிருக்கும். உயிருக்கே ஆபத்து. நாம் பயன்படுத்தப் போவது 12 வோல்ட் டிசி மட்டும்.

வாங்க வேண்டியவை: 12ஏயூ7 வால்வு (ஈசிசி82 என்றும் அச்சிட்டிருப்பார்கள்), அதற்கு ஒன்பது பின் சாக்கெட், 100 கே, 470 கே, 1 மெக் ரெசிஸ்டர்கள் ஒவ்வொன்று (கே என்றால் ஆயிரம் ஓம், மெக் என்றால் பத்து லட்சம் ஓம்), 0.01 மற்றும் 0.1 மைக்ரோஃபேரட் கண்டன்சர்கள், 100 கே வால்யூம் கண்ட்ரோல் மூன்று, ஜாக் மூன்று. கிட்டார்காரர்கள் 12ஏஎக்ஸ்7-தான் சிறந்தது என்பார்கள். அதற்கு உயர் வோல்டேஜ் வேண்டும். 12 வோல்ட்டுக்கு ஏயூ7-தான் என் தேர்வு.

படி 1: இழை. சாக்கெட்டைக் கவிழ்த்து, பெரிய இடைவெளியில் தொடங்கி கடிகாரச் சுற்றில் பின்களை எண்ணுங்கள். மேலிருந்து எண்ணினால் எல்லாமே தலைகீழாகிவிடும். 4-ஆம் பின்னுக்கு 12 வோல்ட், 5-ஆம் பின்னுக்கு கிரவுண்ட். 9 சும்மா இருக்கட்டும். இழை மட்டும் 150 மில்லி ஆம்பியர் இழுக்கும். உங்கள் பவர் சப்ளை தாங்குமா என்று முதலிலேயே பாருங்கள்.

படி 2: ஒலியின் பாதை. உள்ளே வரும் ஜாக்கிலிருந்து முதல் கண்ட்ரோல், அதன் நடுக்காலிலிருந்து 0.01 கண்டன்சர், அங்கிருந்து 2-ஆம் பின் (கிரிட், எலக்ட்ரான் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் வலை). கிரிட்டிலிருந்து கிரவுண்டுக்கு 1 மெக். 3-ஆம் பின் (கேத்தோடு, எலக்ட்ரான்கள் கிளம்பும் இடம்) நேரே கிரவுண்ட். 1-ஆம் பின்னுக்கு (பிளேட், அவை போய்ச் சேரும் தகடு) 100 கே வழியாக 12 வோல்ட். அதே பின்னிலிருந்து 0.1 கண்டன்சர் வழியாக இரண்டாவது கண்ட்ரோல், அதன் நடுக்காலிலிருந்து வெளியே போகும் ஜாக்.

படி 3: கேளுங்கள். முதல் கண்ட்ரோலை முழுக்கக் குறைத்துவிட்டு, சைன் அலை (வேறெதுவும் கலக்காத ஒற்றை ஒலி) ஒன்றைக் கொடுத்து மெல்லத் திருகுங்கள். அலை மேலே போகும்போது கிரிட்டே கரண்ட் இழுத்து உச்சியைத் தட்டையாக்கும். கீழே போகும்போது வால்வு கொஞ்சம் கொஞ்சமாக மூடிக்கொள்ளும். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வெட்டுப்படுவதில்லை, சங்கதி அங்கேதான் இருக்கிறது. இரண்டு பக்கமும் சமமாக வெட்டினால் ஒற்றைப்படை ஹார்மோனிக்குகள் (மூல ஒலியைப் போல 3, 5 என்று ஒற்றைப்படை மடங்கு அதிர்வெண் உள்ள ஒலிகள்) மட்டுமே சேரும். ச வாசித்தால் முதலில் ஒட்டுவது மேல் ஸ்தாயி பஞ்சமம். வால்விலோ இரண்டாம் ஹார்மோனிக்கும் சேர்கிறது, அதாவது மேல் ஸ்தாயி ச. புல்லாங்குழல் போலிருந்த சைன் அலையில் நாதஸ்வரச் சீவாளியின் சாயல் ஏறுவதைக் கவனியுங்கள். இன்னும் திருகினால் ஒலி விக்கத் தொடங்கும், ஏனென்றால் கண்டன்சரில் மின்னூட்டம் சேர்ந்து கிரிட்டை அடைத்துவிடுகிறது. சிலருக்கு அது பிடிக்கும். எனக்கு அதற்குச் சற்று முன்பே நிறுத்தத்தான் பிடிக்கும்.

படி 4: மாடுலேஷன். எல்எஃப்ஓ-வை (சிந்தசைசரில் மிக மெதுவாக ஏறி இறங்கும் அலையைத் தரும் பகுதி) மூன்றாவது கண்ட்ரோல், 470 கே வழியாக அதே கிரிட்டில் சேருங்கள். வேகம் நொடிக்கு இரண்டு, மூன்று சுற்று போதும். எல்எஃப்ஓ நெகட்டிவ் பக்கம் போகும்போது வால்வு மூடும், திரும்பி வரும்போது திறக்கும். சத்தம் மட்டுமல்ல, கரகரப்பின் நிறமும் கூடவே மாறும். சத்தம் மட்டும் ஏறி இறங்கும் சாதாரண ட்ரெமோலோவில் இது கிடைக்காது. இந்த வோல்டேஜில் கிரிட்டுக்கு மைனஸ் ஒரு வோல்ட் போனாலே வால்வு கிட்டத்தட்ட மூடிவிடும், அதனால் கண்ட்ரோலை இம்மியளவு திருகினால் போதும்.

பென்சிலால் கண்ணாடியைத் தட்டினால் ஸ்பீக்கரில் டிங் என்று கேட்கலாம். பயப்படாதீர்கள், வால்வுக்குள் இருக்கும் உலோகத் தகடுகளின் அதிர்வு அது. ஸ்பீக்கரிலிருந்து கொஞ்சம் தள்ளி வைத்தால் சரி. இதே கண்ணாடிக்குள் 6, 7, 8 பின்களில் இன்னொரு டிரையோடு (பிளேட், கிரிட், கேத்தோடு கொண்ட இரண்டாவது பாதி) சும்மா இருக்கிறது. அதன் இழையும் ஏற்கெனவே எரிகிறது. முதல் பாதி நன்றாக வேலை செய்த பிறகு அதையும் இதே மாதிரி பின்னால் கோத்துப் பாருங்கள்.