ஐப்பசியில் வாடியில் யார் இருக்கிறார்? நாவல் திட்டத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற மாதம் திருகோணமலை உப்புவெளியில், நாவல் எழுதத் தொடங்கும் மூன்று பேர் தங்கள் அத்தியாயத் திட்டங்களை என்னிடம் கொண்டுவந்தார்கள். மூன்றிலும் என் பழைய பிழை அப்படியே இருந்தது. பாத்திரத்தின் பெயர் இடையில் மாறுவது, அத்தியாய எண் குழம்புவது போன்றவற்றை இங்கே விடுகிறேன். அவை ஒரு பின்னேரத்தில் திருத்தக்கூடியவை.

காலக்கணக்கு இல்லாத திட்டம்

எனக்கு இன்றும் ஆறாத பிழை இது. என் முதல் நாவல் கரைவலைக் கதை. மேற்குக் கரையில் நீர்கொழும்புப் பக்கமிருந்து மீன்பிடித் தொழிலுக்கு வந்த பொடியன் ஒருவன், இங்கே நிலாவெளிப் பெண்பிள்ளை ஒருத்தி. இருபத்திரண்டு அத்தியாயத்துக்கும் திட்டம் வைத்திருந்தேன். எங்கே சந்திப்பு, எங்கே சண்டை, எங்கே பிரிவு, எல்லாம் இருந்தது. எந்த மாதம் என்று மட்டும் ஓரிடத்திலும் குறிக்கவில்லை. உச்சக்கட்டத்துக்கு அடைமழை வேண்டுமென்று, ஐப்பசிக் கடைசியில் இருவரையும் வாடிக்குள், அதாவது மீனவர் கரையில் போடும் தற்காலிகக் குடிசைக்குள், சந்திக்க வைத்தேன். காற்று கிடுகைப் பிய்த்தெறியும் காட்சி மட்டும் பதினெட்டுப் பக்கம்.

வாசித்த வயதான சம்மாட்டி (வலைச் சொந்தக்காரர்) ஒருவர் ஒன்றே ஒன்று கேட்டார்: "தம்பி, ஐப்பசியில வாடியில ஆர் இருக்கிறது?"

தென்மேற்குப் பருவக்காற்று மேற்குக் கரையைக் கலக்கும் மாதங்களில் எங்கள் கிழக்குக் கடல் அமைதியாக இருக்கும். அப்போதுதான் நீர்கொழும்புப் பக்கத்து மீனவர்கள் இங்கே வந்து வாடி போடுவார்கள். மாரி நெருங்கினால் வலையைக் கட்டிக்கொண்டு ஊர் திரும்பிவிடுவார்கள். என் கதாநாயகன் அந்த இரவில் அந்தக் கரையில் இருந்திருக்கவே முடியாது. ஒன்பது அத்தியாயங்கள், ஒன்றரை வருட உழைப்பு, அத்தனையும் போயிற்று.

அதைவிட எரிச்சல், நல்ல கதை அந்தக் கணக்குக்குள்ளேயே கிடந்ததுதான். வாடி கலையும் காலம் இருவருக்கும் முன்பே தெரியும். புரட்டாதி நெருங்க நெருங்க அவள் தினமும் காற்றின் திசையைப் பார்ப்பாள். அடைமழை எதற்கு?

ஒரு பெரிய தாளில் மாதங்களை வரிசையாக எழுதுங்கள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் காற்று, கடல், திருவிழா, போக்குவரத்து. சைவக் குடும்பத்துக் கல்யாணத்தை மார்கழியில் வைக்காதீர்கள். வந்த மூவரில் ஒருவருடைய கதாநாயகி 1996இல் பஸ்ஸில் பாலத்தைக் கடந்து கிண்ணியாவுக்குப் போகிறாள். பாலம் திறந்தது 2009இல். அவள் பாதைக்காக, அதாவது ஆட்களை அக்கரைக்கு ஏற்றிச்செல்லும் மிதவைக்காக, காத்து நிற்கவேண்டும். அந்தக் காத்திருப்பில் யாரைச் சந்திக்கிறாள் என்று கேட்டேன். அவருக்கு அங்கேயே ஓர் அத்தியாயம் கிடைத்தது.

தகவல் சேர்ப்பதிலேயே தங்கிவிடுவது

1942 ஏப்ரல் 9 காலையில் யப்பானிய விமானங்கள் திருகோணமலையில் குண்டு வீசியதை எழுதப்போகும் இன்னொருவர், மூன்று வருடமாக விமான வகைகளைச் சேர்க்கிறார். அந்தக் காலையில் அவருடைய கதாநாயகி அடுப்பில் என்ன வைத்திருந்தாள் என்பது திட்டத்தில் இல்லை.

கதையை ஊரெல்லாம் சொல்லித் திரிவது

சொல்லாதீர்கள்.

முடிவு தெரியாமல் தொடங்குவது

இது தவறே அல்ல.

பிறந்த ஆண்டைக் குறிக்காமல் விடுவது

மூன்றாவது திட்டத்தில் ஒரு தாத்தா. 1957இல் பிரித்தானியர் திருகோணமலைக் கடற்படைத் தளத்தைக் கையளித்தபோது அவர் துறைமுகத்தில் முப்பது வயதுத் தொழிலாளி. 2004 சுனாமியில் பேரனைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடுகிறார். அன்று அவருக்கு 77 வயது. ஓடட்டும். ஆனால் 77 வயதுக்காரரின் மூச்சோடும் முழங்காலோடும் ஓடட்டும்.