பவளத் தொட்டியில் சிக்கனம்: கைவேலை காலை வாரும் இடங்கள்

கடல்நீர்த் தொட்டிக்கான சாதனங்களைக் கடையில் பார்க்கும்போது, ‘இதை நானே செய்துவிடுவேனே’ என்று தோன்றாதவர்கள் குறைவு. பல சமயம் அது உண்மையும்கூட. சம்ப் என்பது தொட்டிக்குக் கீழே வைக்கும், தடுப்பு வைத்த ஒரு கண்ணாடிப் பெட்டி; தொட்டி நீர் அதில் இறங்கி பம்ப் வழியாக மேலே திரும்பும், அவ்வளவுதான். பவளத் துண்டுகளை அடுக்கும் ரேக்கை, விளக்குகளுக்கு அடியில் மாட்டும் பிளாஸ்டிக் கட்டத் தட்டை வெட்டியே செய்துவிடலாம். ஆனால் எதைச் செய்யலாம், எதை வாங்கலாம் என்று முடிவெடுக்கும்போது பலரும் விலையை மட்டுமே பார்க்கிறார்கள். இது நடு இரவில் பழுதானால் என்ன ஆகும் என்றும் யோசிக்க வேண்டும். ரேக் உடைந்தால் நாலு துண்டு சரியும். ஹீட்டர் அணையாமல் நின்றுவிட்டால் விடிவதற்குள் தொட்டி முழுக்கச் செத்திருக்கும்.

தண்ணீரிலும் உப்பிலும் மிச்சம் பிடிப்பது

இதில் விவாதமே வேண்டாம். குழாய்த் தண்ணீரில் பாஸ்பேட், நைட்ரேட், சில இடங்களில் செம்பு எல்லாம் வரும். ஆர்ஓ வடிகட்டியோடு நிறுத்தாமல், மிஞ்சும் உப்புகளைப் பிடிக்கும் டிஐ ரெசினும் சேர்த்து, கரைந்திருக்கும் உப்புகளைக் காட்டும் டிடிஎஸ் மீட்டர் 0 காட்டும் தண்ணீரைத்தான் பயன்படுத்த வேண்டும். சமையல் உப்பு பவளத் தொட்டிக்கு ஆகாது. கடல்நீரில் உள்ள கால்சியம், மெக்னீசியம், காரத்தன்மை எதுவும் அதிலிருந்து போதுமான அளவு கிடைக்காது. உப்பளவு பார்க்கும் ரிஃப்ராக்டோமீட்டரை வெறும் சுத்த நீரில் மட்டும் சரிபார்த்துவிட்டுத் திருப்திப்படுகிறவர்களும் உண்டு. 0-இல் சரியாக இருக்கும் கருவி, கடல்நீரின் அளவான 35-இல் தவறாகக் காட்டலாம். 35 பிபிடி (ஆயிரத்தில் 35 பங்கு உப்பு) அளவுத் திரவத்தில் சரிபார்ப்பதே முறை.

சம்ப் கட்டும்போது

செலவைக் குறைக்க இதைவிட நல்ல வேலை இல்லை. தவறுகள் அதிகம் நடப்பதும் இதில்தான். முதலில் சிலிக்கான். குளியலறைக்கென்று விற்கும் பூஞ்சைத் தடுப்பு சிலிக்கானில் உயிர்க்கொல்லி மருந்து கலந்திருக்கும், அது வேண்டாம். கலப்பில்லாத சிலிக்கான் வாங்கி, வினிகர் வாடை முழுவதும் போகும்வரை, ஒரு வாரமானாலும், காய விடுங்கள். அடுத்தது, வெட்ட எளிது என்று கண்ணாடித் தொட்டிக்குள் அக்ரிலிக் தடுப்பு வைப்பது. சிலிக்கான் அக்ரிலிக்கை உறுதியாகப் பிடிக்காது. அக்ரிலிக் தண்ணீரை உறிஞ்சி வளையவும் செய்யும். தடுப்பும் கண்ணாடியாகவே இருக்கட்டும். தொட்டியில் துளை போடுவதாக இருந்தால், அந்தப் பலகை டெம்பர்டு (சூடாக்கிக் கடினப்படுத்திய) கண்ணாடியா என்று முன்பே பாருங்கள். டெம்பர்டு என்றால் துளையிடும் நொடியிலேயே தூள் தூளாகிவிடும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு, மின்சாரம் போனால் கீழே இறங்கும் தண்ணீரைக் கணக்கில் எடுக்காதது. 100 செ.மீ. நீளம், 50 செ.மீ. அகலம் கொண்ட தொட்டியில், தண்ணீர் திரும்பும் குழாயின் வாய் 3 செ.மீ. ஆழத்தில் இருந்தால், பம்ப் நின்றதும் 15 லிட்டர் சம்புக்குள் இறங்கும். குழாய்களில் இருப்பது தனி. இதைத் தடுக்கக் குழாயில் ஒரு காற்றுத் துளை போடுவார்கள். நல்ல வழிதான், ஆனால் அந்தத் துளையைப் பாசி அடைக்கும், நத்தை வந்து உட்காரும். ஒருவழி வால்வும் நாளடைவில் அழுக்கேறி இறுக மூடாமல் போகும். அதனால் இரண்டும் வேலை செய்யாவிட்டாலும் வழியாத அளவுக்கு சம்பில் இடம் விட்டுக் கட்டுங்கள். துளையை விரலால் அடைத்துக்கொண்டு பம்பை நிறுத்தி, தண்ணீர் எதுவரை ஏறுகிறது என்று ஒருமுறை பார்த்துவிட்டால் நிம்மதி.

தண்ணீர் படும் இடத்தில் பித்தளை இணைப்பு, இரும்புக் கிளாம்ப் எதுவும் கூடாது. பித்தளையில் உள்ள செம்பு மிகக் குறைந்த அளவிலேயே முதுகெலும்பில்லாத உயிர்களைக் கொன்றுவிடும்.

மருந்துக் கலவையைத் தானே தயாரிப்பது

பவளங்கள் வளர எடுத்துக்கொள்ளும் கால்சியத்தையும் காரத்தன்மையையும் ஈடுகட்ட, கால்சியம் குளோரைடும் சமையல் சோடாவும் வாங்கி வீட்டிலேயே தனித்தனிக் கரைசலாகத் தயாரித்தால் நல்ல மிச்சம் உண்டு. ஆனால் பனி உருக்க விற்கும் கால்சியம் குளோரைடில் வேறு பொருட்களும் கலந்திருக்கலாம். உணவுத் தரத்தில் உள்ளதை வாங்குங்கள். சோடா விஷயத்தில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. அடுப்பில் வறுத்தால் அது சோடியம் கார்பனேட்டாக மாறி எடை குறையும். வறுப்பதற்கு முந்தைய எடையைச் சொல்லும் குறிப்பைப் படித்துவிட்டு, வறுத்த பிறகு அதே எடையைப் போட்டால், காரத்தன்மை ஏறக்குறைய 1.6 மடங்கு ஏறிவிடும்.

இரண்டு கரைசலையும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் ஊற்றினால் சுண்ணாம்பாக வெள்ளைப் புகைபோலப் படிந்துவிடும், போட்டது வீண். காரத்தன்மை ஒரு நாளில் 1 டிகேஎச்சுக்கு (காரத்தன்மையை அளக்கும் அலகு) மேல் ஏறாமல் பார்த்துக்கொள்வது பாதுகாப்பு. ஆமாம், அளந்து பார்க்காமல் எதையும் ஊற்றக் கூடாது. அப்புறம், நாலைந்து பவளங்களே உள்ள புதுத் தொட்டிக்கு இந்த ஏற்பாடே பெரும்பாலும் தேவையில்லை; ஒழுங்காகத் தண்ணீர் மாற்றினாலே போதும்.

தானாக நீர் நிரப்பும் அமைப்பு

ஆவியாகும் நீருக்கு ஈடாக வாளியிலிருந்து சுத்த நீரை ஏற்றும் அமைப்பு இது. நீர்மட்டம் ஏறியதும் பம்பை நிறுத்தும் ஒரே ஒரு ஃப்ளோட் (மிதவை) சுவிட்சை நம்புவதுதான் இங்கே தவறு. அது மாட்டிக்கொண்டால் வாளித் தண்ணீர் முழுவதும் தொட்டிக்குள் போகும். 200 லிட்டர் அமைப்பில் 20 லிட்டர் சுத்த நீர் கொட்டினால் உப்பளவு 35-இலிருந்து 31.8-க்கு இறங்கும். வாளி 10 லிட்டர் என்றால் 33.3-இல் நிற்கும். இரண்டாவது சுவிட்ச் வையுங்கள், வாளியையும் சின்னதாக வையுங்கள். வாளியில் சுண்ணாம்பு நீர் வைத்திருந்தால் இது இன்னும் கட்டாயம். அதன் பிஎச் 12-ஐத் தாண்டும்.

செய்யாமல் விடலாம் என்பவை

ஹீட்டரில் கை வைக்க வேண்டாம். வாங்கியதோடு தனியாக ஒரு வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவியையும் சேர்த்து மாட்டுங்கள். எல்இடி விளக்கைக் கட்டலாம். ஆனால் வெப்பம் கடத்தும் அலுமினியத் தகடும் மின்னோட்டத்தைச் சீராகத் தரும் டிரைவரும் இல்லாமல் கட்டினால் சீக்கிரமே கருகும். சிமென்ட் பாறை மலிவுதான், ஆனால் வாரக்கணக்கில் ஊறப்போட்டுத் தண்ணீர் மாற்றி, பிஎச் ஏறுவது நின்ற பிறகே உள்ளே போக வேண்டும், அவசரக்காரர்களுக்கு ஒத்துவராது. நுரையோடு கழிவைப் பிரித்தெடுக்கும் ஸ்கிம்மரைச் செய்வது ஆசைக்குச் சரி, பணத்துக்குச் சரியில்லை. அதைவிட, ஒருவர் பயன்படுத்தியதை வாங்கி வினிகர் கலந்த நீரில் ஓட்டிச் சுத்தம் செய்வது லாபம். பழைய தொட்டியோ பாறையோ வாங்கும்போது மட்டும், அதில் எப்போதாவது மீன் நோய்க்கான செம்பு மருந்து போட்டதுண்டா என்று கேட்டுவிட்டுப் பணத்தை எடுங்கள்.