பழம் சேர்த்துச் சுடும் ஓட்ஸ்: வாரக் காலை உணவாகச் செய்து வைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஞாயிற்றுக்கிழமை மாலையில் ஓட்ஸ், பால், முட்டை, பழம் ஆகியவற்றை ஒரே பாத்திரத்தில் கலந்து ஓவனில் சுட்டு, ஆறிய பின் துண்டுகளாக வெட்டி வைத்துக்கொண்டால், அடுத்து வரும் வேலைநாள்களில் காலை உணவுக்காக அடுப்படியில் நிற்க வேண்டியதில்லை. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் வாழும் ஆமிஷ் என்ற எளிய வாழ்வை விரும்பும் கிறிஸ்தவச் சமூகத்தாரின் சமையலோடு சேர்த்துச் சொல்லப்படும் இந்த உணவு, இன்று பல நாட்டுச் சமையலறைகளுக்கும் வந்து சேர்ந்திருப்பதற்கு அந்த வசதியே முதல் காரணம். கஞ்சியைப் போலக் குழையாமலும் கேக்கைப் போல உலர்ந்துவிடாமலும், கரண்டியால் எடுக்கும்போது உருக்குலையாமல் வரும் மென்மைதான் இதன் சரியான பதம். ஆனால் செய்து பார்த்தவர்களில் பலர், முதல் நாள் நன்றாக இருந்ததாகவும் மூன்றாம் நாள் வாயில் வைக்க முடியவில்லை என்றும் சொல்லி, அத்தோடு விட்டுவிடுகிறார்கள்.

எனக்குத் தெரிந்தவரை, பெரும்பாலான தவறுகளுக்கு வேர் ஒன்றுதான். ஓவனிலிருந்து எடுத்த சூட்டில் எப்படி இருக்கிறது என்பதை வைத்தே நாம் அளவுகளைத் தீர்மானிக்கிறோம். சேமித்து வைத்து உண்ணும் உணவு அடுத்த நாள்களிலும் மாறிக்கொண்டே இருக்கும். ஓட்ஸ் ஈரத்தை மேலும் மேலும் உறிஞ்சும். குளிரில் அதன் மாவுச்சத்து இறுகும். பழம் தன் நீரை விடும். முந்திரியும் பாதாமும் மொறுமொறுப்பை இழக்கும். ஆகவே இதற்கான அளவுகளை மூன்றாம் நாள் காலையை மனத்தில் வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

பேசுவதற்கு வசதியாக ஓர் அளவைச் சொல்லிவிடுகிறேன். 20 சென்டிமீட்டர் சதுரத் தட்டுக்கு, அதாவது ஆறு துண்டுகளுக்கு, 180 கிராம் ரோல்டு ஓட்ஸ், 480 மில்லி பால், ஒரு பெரிய முட்டை, ஒரு தேக்கரண்டி பேக்கிங் பவுடர், அரைத் தேக்கரண்டி உப்பு, ஒரு தேக்கரண்டி பட்டைப்பொடி, இரண்டு மேசைக்கரண்டி உருக்கிய வெண்ணெய், நறுக்கிய பழம் 300 கிராம். முட்டை சேர்க்காதவர்கள், ஒரு மேசைக்கரண்டி ஆளிவிதைப் பொடியை மூன்று மேசைக்கரண்டி நீரில் கலந்து, பத்து நிமிடம் ஊறி வழவழப்பான பிறகு சேர்க்கலாம். ஊற விடாமல் பொடியாகவே தூவினால் துண்டுகள் உதிர்ந்துவிடும்.

ஓட்ஸும் பாலும்

கடையில் ஓட்ஸ் என்ற ஒரே பெயரில் வெவ்வேறு பொருள்கள் விற்கப்படுகின்றன. முழு மணியை எஃகு அலகால் இரண்டு மூன்றாக நறுக்கியது ஸ்டீல் கட் ஓட்ஸ். ஆவியில் வேகவைத்துத் தட்டையாக உருட்டியது ரோல்டு ஓட்ஸ். அதையே இன்னும் மெல்லியதாக உருட்டியோ பொடித்தோ விற்பது இன்ஸ்டன்ட் ஓட்ஸ். இந்த உணவுக்கு உரியது ரோல்டு ஓட்ஸ். இன்ஸ்டன்ட் ஓட்ஸைப் போட்டால், சுட்ட அன்றே களியைப் போல ஒட்டிக்கொள்ளும். நம் ஊரின் அவலில் கெட்டி அவலுக்குப் பதிலாகத் தாள் அவலை ஊறவைத்தால் என்ன ஆகுமோ அதுவேதான் இங்கும் ஆகிறது. ஸ்டீல் கட் ஓட்ஸைப் போட்டால் அதற்கு நேர்மாறாக, மேலே பால் தேங்கி நிற்க, அடியில் மணிகள் வேகாமல் நறநறக்கும். அதற்குப் பாலும் நேரமும் கூடுதலாக வேண்டும். ஆகவே ஒன்றின் இடத்தில் மற்றொன்றை அதே அளவில் மாற்றிப் போடக்கூடாது. மசாலா சேர்த்தோ இனிப்புச் சேர்த்தோ வரும் சிறு பொட்டலங்களை இதற்குப் பயன்படுத்தவே வேண்டாம்.

அடுத்த தவறு அளப்பதில் நேர்கிறது. அமெரிக்கச் செய்முறைகளில் ஒரு கப் என்பது ஏறத்தாழ 240 மில்லி. நம் வீட்டு டம்ளர்கள் 150 மில்லியிலிருந்து 300 மில்லி வரை பலவிதமாக இருக்கின்றன. ஓட்ஸ், பால் இரண்டையும் ஒரே டம்ளரால் அளந்தால் விகிதம் கெடாது என்பது உண்மைதான். ஆனால் முட்டையும் பேக்கிங் பவுடரும் டம்ளருக்கேற்பச் சுருங்குவதில்லை, தட்டின் அகலமும் மாறுவதில்லை. சிறிய மின்தராசு ஒன்று இருந்தால் இந்தக் குழப்பம் தீர்ந்துவிடும்.

பாலின் அளவில்தான் அதிகம் பேர் அஞ்சுகிறார்கள். ஓட்ஸ் மீது பாலை ஊற்றியதும் தட்டில் குளம் போல நிற்பதைப் பார்த்து, அரைக் கப்பைக் குறைத்துவிடுகிறார்கள். சுட்டு எடுத்தவுடன் அது அழகாக வெட்ட வருவதால், செய்தது சரி என்றே தோன்றும். ஆனால் ஒரு கப் ஓட்ஸுக்கு ஒரு கப் பால் என்ற விகிதத்துக்குக் கீழே போனால், இரண்டாம் நாளே அது அட்டையைப் போல விறைத்துவிடுகிறது. சுடும் முன் கலவை தண்ணீராகத்தான் இருக்க வேண்டும். சுட்ட அன்று கொஞ்சம் தளதளவென்று இருப்பதே, குளிர்ந்த பின் சரியான பதத்துக்கு வந்து நிற்கும். வெண்ணெயை முற்றிலும் விட்டுவிடுவதும் இதே வகையைச் சேர்ந்தது. ஆரோக்கியத்தை எண்ணிச் செய்கிறார்கள், ஆனால் அந்தச் சிறு கொழுப்பு இல்லாவிட்டால் துண்டு வறண்டு தொண்டையில் அடைக்கிறது. வெண்ணெய் வேண்டாம் என்பவர்கள் எண்ணெயோ, அரைத்த பாதாமோ சேர்க்கலாம். உப்பையும் தவிர்க்கக்கூடாது. பாயசத்தில் ஒரு சிட்டிகை உப்பு இனிப்பை எடுத்துக் காட்டுவது போல, இங்கும் உப்பு இருந்தால்தான் குறைந்த சர்க்கரையே போதுமானதாகத் தெரியும்.

பழம்

இந்த உணவைக் கெடுப்பதும் காப்பதும் பழம்தான் என்பதால், இதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

ஒருமுறை நான் வேகவைக்காத அன்னாசித் துண்டுகளைப் பாலும் முட்டையும் கலந்த ஓட்ஸில் போட்டு, இரவு முழுவதும் ஃபிரிட்ஜில் வைத்துக் காலையில் சுட்டேன். பால் திரிந்திருந்தது மட்டுமல்லாமல், முழுத் தட்டும் வாயில் வைக்க முடியாத அளவுக்குக் கசந்தது. ஆறு பேரின் காலை உணவை அப்படியே கொட்ட நேர்ந்த வருத்தம் இன்னும் மறக்கவில்லை. அன்னாசியில் உள்ள புரோமெலைன் என்ற நொதி பாலின் புரதத்தைச் சிதைக்கிறது. சிதைந்த துணுக்குகளே அந்தக் கசப்புக்குக் காரணம். பப்பாளியில் உள்ள பப்பைனும் கிவியில் உள்ள ஆக்டினிடினும் இதே வேலையைச் செய்பவை. வெப்பம் இந்த நொதிகளைச் செயலிழக்கச் செய்யும் என்பதால், அன்னாசியைத் தனியே சில நிமிடம் கொதிக்கவைத்து ஆறவிட்டுச் சேர்க்கலாம். பப்பாளியையும் கிவியையும் சுடாமல், உண்ணும் நேரத்தில் மேலே வைத்துக்கொள்வதே நல்லது.

ஆப்பிளும் கெட்டியான பேரிக்காயும் வேறு வகைச் சிக்கலைத் தருபவை. பெரிய துண்டுகளாகப் போட்டால் ஓட்ஸ் வெந்த பிறகும் அவை வேகாமல் நிற்கும். ஒரு சென்டிமீட்டருக்கு மேற்படாத துண்டுகளாக நறுக்க வேண்டும், அல்லது துருவ வேண்டும். மாம்பழம் அதற்கு நேர் எதிர். நன்கு கனிந்ததைச் சேர்த்தால் சாறு வழிந்து கலவை நீர்த்துவிடும் என்பதால், சதை கெட்டியாக இருக்கும் பழத்தையே எடுக்க வேண்டும், பாலிலும் இரண்டு மூன்று மேசைக்கரண்டி குறைத்துக்கொள்ளலாம். வாழைப்பழத்தைப் பொறுத்தவரை, மஞ்சள் தோலில் கரும்புள்ளிகள் விழும்வரை காத்திருக்காமல் போடுவதுதான் தவறு. பழுக்கப் பழுக்க மாவுச்சத்து சர்க்கரையாக மாறுவதால், கனிந்த பழம் இரண்டை மசித்துச் சேர்த்தாலே இனிப்பில் பெரும்பகுதி வந்துவிடும். ஆனால் வட்டமாக நறுக்கி மேலே அடுக்கிய வாழைப்பழம், பார்க்க அழகாக இருந்தாலும், மறுநாளே கறுத்து வழவழத்துப் போகும். சேமித்து வைப்பதற்கு அது ஆகாது.

உறைந்த புளூபெர்ரி வாங்குபவர்கள் அதை உருகவைத்துவிட்டுச் சேர்ப்பதைப் பார்க்கிறேன். உருகினால் சாறு முழுவதும் வெளியேறி, தட்டு முழுவதும் ஊதா நிறமாகி, அடிப்பகுதி சொதசொதக்கும். ஃப்ரீசரிலிருந்து எடுத்தபடியே போட்டு, சுடும் நேரத்தை ஐந்து முதல் பத்து நிமிடம் வரை கூட்டுவதே முறை. பேக்கிங் பவுடர் இல்லையென்று சமையல் சோடாவைப் போடுவது மற்றொரு தவறு. புளூபெர்ரியின் நிறமிகள் காரத்தன்மையில் பச்சையும் நீலமுமாக மாறுவதால், கெட்டுப்போனதோ என்று ஐயப்படும் நிறத்தில் உணவு வந்து நிற்கும். சோப்பு போன்ற ஒரு சுவையும் ஏறும்.

உலர்ந்த திராட்சை, பேரீச்சை, அத்திப்பழம் ஆகியவற்றை அப்படியே போட்டால் அவை ஓட்ஸுக்கு உரிய பாலைத் தாம் குடித்துவிடும். பத்து நிமிடம் வெந்நீரில் ஊறவைத்து வடித்துவிட்டுச் சேர்த்தால் போதும்.

இனிப்பு

ஆரோக்கியமானது என்ற பெயரில் செய்யப்படும் இந்த உணவு, இனிப்புப் பண்டமாக மாறிவிடுவது மிக எளிது. சில செய்முறைகளில் அரைக் கப் பழுப்புச் சர்க்கரை கேட்கப்படும். அது ஏறத்தாழ 100 கிராம். ஆறாகப் பிரித்தால் ஒருவருக்கு 16 கிராமுக்கு மேல். உலகச் சுகாதார நிறுவனம் 2015-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், புறச் சர்க்கரை, அதாவது உணவில் தனியே சேரும் சர்க்கரை, ஒருநாள் ஆற்றலில் 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்றும், 5 சதவீதத்துக்குள், அதாவது ஏறத்தாழ 25 கிராமுக்குள், இருந்தால் மேலும் நல்லது என்றும் சொல்கிறது. அந்த 25 கிராமில் பெரும்பகுதியைக் காலை எட்டு மணிக்கே தீர்த்துவிடுகிறோம். தேனும் மேப்பிள் சிரப்பும் பழச்சாறும் அந்தக் கணக்கிலேயே சேரும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. கனிந்த வாழைப்பழமோ ஊறிய பேரீச்சையோ இருந்தால், முழுத் தட்டுக்கும் இரண்டு மேசைக்கரண்டி தேன் போதும். ஒரு வயது நிறையாத குழந்தைக்கும் இதிலிருந்து ஊட்டுவதாக இருந்தால் தேன் கூடவே கூடாது. வெல்லத்தை விரும்புபவர்கள், பாயசத்தில் பால் திரிவதை நினைவில் கொண்டு, பாகைக் காய்ச்சி வடித்து நன்றாக ஆறிய பிறகே பாலில் கலக்க வேண்டும்.

ஓட்ஸின் நன்மையைப் பற்றியும் ஒரு சொல். அதிலுள்ள பீட்டா குளுகான் என்ற கரையும் நார்ச்சத்து, நிறைகொழுப்பும் கொலஸ்ட்ராலும் குறைந்த உணவுமுறையின் பகுதியாக, இதய நோய் அபாயத்தைக் குறைக்கக்கூடும் என்று உணவுப் பொட்டலத்தில் அச்சிட அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 1997-இல் அனுமதித்தது. அதற்குக் குறிக்கப்பட்ட அளவு நாளொன்றுக்கு 3 கிராம். நம் தட்டில் ஒரு துண்டுக்கு 30 கிராம் ஓட்ஸ்தான் வருகிறது. அதில் பீட்டா குளுகான் ஒரு கிராமுக்குச் சற்று மேல் இருக்கும். ஒரு துண்டை உண்டுவிட்டு அது மருந்தாக வேலை செய்யும் என்று எதிர்பார்ப்பதும், அந்த நம்பிக்கையில் வெண்ணெயையும் சர்க்கரையையும் தாராளமாகச் சேர்ப்பதும் சரியல்ல. பசி தாங்க வேண்டுமென்றால் உடன் ஒரு கிண்ணம் தயிரோ, அவித்த முட்டையோ வைத்துக்கொள்வது நல்லது.

நாள்தோறும் உண்பதால் பட்டையையும் கவனிக்க வேண்டும். நம் கடைகளில் பட்டை என்று கிடைப்பதில் பெரும்பகுதி, தடித்த காசியா வகை. அதில் கூமரின் என்ற பொருள் அதிகம், மிகுதியாகச் சேர்ந்தால் அது கல்லீரலைப் பாதிக்கக்கூடும். தாள் தாளாகச் சுருண்டிருக்கும் இலங்கைக் கறுவாவில் அது மிகக் குறைவு, மணமும் மென்மையானது.

ஓவனிலும் அதன் பிறகும்

ஓவன் சூடேறும் முன்பே தட்டை உள்ளே வைத்தால், பேக்கிங் பவுடரின் வேகம் வீணாகி, ஓட்ஸ் அடியில் படிந்து, முட்டையும் பாலும் மேலே தனி அடுக்காகப் பிரிந்து நிற்கும். 190 டிகிரி செல்சியஸில் முன்கூட்டியே சூடேற்றி, 35 முதல் 40 நிமிடம் சுட வேண்டும். விசிறி ஓடும் ஓவனானால் 20 டிகிரி குறைக்கலாம். சிறிய ஓ.டி.ஜி. அடுப்புகளில் மேல்கம்பி தட்டுக்கு மிக அருகில் இருப்பதால், மேலே சிவந்தவுடன் வெந்துவிட்டது என்று எடுத்துவிடுகிறார்கள். நடுப்பகுதி பச்சையாகவே இருக்கும். கீழ்த் தட்டில் வைத்து, மேலே சிவந்ததும் அலுமினியத் தாளால் மூடி, நடுவில் குத்திய கத்தி பால் ஒட்டாமல் வெளியே வரும்வரை சுட வேண்டும். முட்டை சேர்த்த உணவின் நடுப்பகுதி 71 டிகிரியை எட்டுவது பாதுகாப்புக்கும் அவசியம்.

சூட்டோடு மூடி போடுவதால் ஆவி நீராகி மேலே சொட்டும். சூட்டோடு வெட்டினால் உதிரும். அதற்காக இரவு முழுவதும் மேடையில் ஆறவிடுவது அதைவிடப் பெரிய தவறு. மாவுச்சத்து மிகுந்த உணவுகளில் பேசிலஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் வெப்பத்தைத் தாங்கிக் கிடந்து, மெதுவாக ஆறும் உணவில் பெருகக்கூடியவை. சமைத்த உணவு இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜுக்குப் போக வேண்டும்; அறையின் வெப்பம் 32 டிகிரியைத் தாண்டும் நம் கோடையில் ஒரு மணி நேரத்துக்குள். முக்கால் மணி நேரம் மூடாமல் ஆறவிட்டு, வெட்டித் தனித்தனி டப்பாக்களில் வைத்தால் விரைவாகக் குளிரும்.

ஃபிரிட்ஜில் இது நான்கு நாள் வரை நிற்கும். ஐந்தாம் ஆறாம் துண்டுகளை நான்காம் நாள் இரவில் ஃப்ரீசருக்கு மாற்றுவதில் பயனில்லை. சுட்ட அன்றே அவற்றைத் தனித்தனியே சுற்றி ஃப்ரீசரில் வைத்துவிட வேண்டும், இரண்டு மாதம் வரை சுவை குறையாது. உறைந்த கண்ணாடித் தட்டை நேராகச் சூடான ஓவனில் வைத்தால் அது வெடித்துச் சிதறக்கூடும். மைக்ரோவேவில் சூடாக்கும்போது துண்டின் மேல் ஒரு மேசைக்கரண்டி பாலைத் தெளித்து, மூடி, ஒரு நிமிடம் வைத்துப் பாருங்கள். இறுகிய ஓட்ஸ் மீண்டும் இளகும். பாதாமும் வால்நட்டும் தனி டப்பாவில் இருக்கட்டும். சூடாக்கிய பிறகு மேலே தூவினால் புதன்கிழமையும் அவை மொறுமொறுப்பாகவே இருக்கும்.