பழைய வீட்டில் சுவிட்சைத் தொடும் முன்: வடசென்னைக்கு விடுமுறையில் வருவோருக்கு

பாட்டி வீட்டில் சுவிட்சு புதிதாகப் பளபளக்கிறது என்றால் உள்ளே ஓடும் வயரும் புதிது என்று நினைத்துவிடாதீர்கள். ராயபுரம், பழைய வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை, மண்ணடி பக்கம் பல பழைய வீடுகளில் கல்யாணத்துக்கோ வெள்ளையடிப்புக்கோ சுவிட்சை மட்டும் மாற்றுவார்கள். சுவரில் மரச்சட்டம் அடித்து ஓட்டிய பழைய வயர் அப்படியே இருக்கும்: மின்சாரம் கொண்டுவரும் பேஸ் ஒன்று, அது திரும்பிப் போகும் நியூட்ரல் ஒன்று. கசியும் மின்சாரத்தைத் தரைக்குக் கொண்டுபோகும் எர்த் வயர் 15 ஆம்பியர் பிளக்கோடு நின்றுவிடும். லைட் சுவிட்சு போர்டுக்கு வந்தே இருக்காது.

கறுப்பு பேக்கலைட் சுவிட்சு மரப்போர்டில் இருக்கும்வரை எர்த் இல்லாததால் பெரிய கேடில்லை. உடையாமல், ஈரமில்லாமல் இருந்தால் போதும், கைபடும் இடத்தில் உலோகம் இல்லை. சிக்கல் அதற்குப் பதில் வந்த சன்மைக்கா போர்டில்தான். அதன் மூலை ஸ்க்ரூக்கள் சுவருக்குள் பதித்த இரும்புப் பெட்டியில் போய் முறுகுகின்றன. உள்ளே பேஸ் வயரின் உறை உரிந்து பெட்டியில் பட்டால், எர்த் இல்லாத அந்தப் பெட்டி முழுக்க 230 வோல்ட் நிற்கும். ஃபியூஸ் போகாது, லைட்டும் ஒழுங்காக எரியும். ஸ்க்ரூவில் விரல் படும்போதுதான் தெரியும். பித்தளை மூடி போட்ட பழைய உருண்டை சுவிட்சுக்கும் இதே கதி.

மார்கழிக்கும் பொங்கலுக்கும் வருகிறவர்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஊறிய மெட்ராஸ் டெரஸ் கூரையும் சுண்ணாம்புச் சுவரும் அதற்குள் காய்ந்திருக்காது. கடலோரத்தில் உப்பும் சேர்ந்துகொள்ளும். சுவிட்சைச் சுற்றி ஈரத் திட்டோ பழுப்புக் கறையோ, போடும்போது ‘சர்ர்’ சத்தமோ, கருகிய வாடையோ இருந்தால் அந்த போர்டைத் தொடாதீர்கள். வெறுங்காலோடு ஈரத் தரையில் நின்று எந்த சுவிட்சையும் போட வேண்டாம்.

வந்த அன்றே ஒரு டெஸ்டர் வாங்கிக்கொள்ளுங்கள். முதலில் மின்சாரம் இருப்பது உறுதியான பிளக் ஓட்டையில் வைத்து, எரிகிறதா பாருங்கள். பிறகு போர்டின் ஸ்க்ரூக்களில் ஒவ்வொன்றாக வையுங்கள். எரிந்தால் அந்த லைனை அணைத்து எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். எரியாவிட்டால் பாதுகாப்பு என்று பொருளில்லை. நீங்கள் ரப்பர் செருப்போடு நின்றாலும் வெளிச்சம் மங்கிவிடும்.

சுவிட்சை அணைத்த பிறகும் எல்.இ.டி. பல்பு மங்கலாக மினுக்கினால் சுவிட்சு நியூட்ரலில் போட்டிருக்கலாம். அப்படியானால் ‘ஆஃப்’ செய்தாலும் ஹோல்டரில் பேஸ் இருக்கும். பல்பு மாற்ற மெயினை இறக்குங்கள், கூடவே இன்வெர்ட்டரையும். பலர் மறப்பது இதைத்தான்: மெயின் இறங்கியதும் இன்வெர்ட்டர் தானாக லைட்டுக்கு மின்சாரம் கொடுக்கத் தொடங்கிவிடும்.

பயணத்துக்கு வாங்கிய அடாப்டர் இரண்டு முனையோடு இருந்தால், வீட்டில் எர்த் இருந்தாலும் உங்களுக்குப் பயனில்லை. உலோக உடல் கொண்ட லேப்டாப்பில் கை வைத்தால் ‘குறுகுறு’ என்பது பெரும்பாலும் எர்த் சேராததால்தான். இஸ்திரிப்பெட்டியை அப்படி மாட்டவே கூடாது. அமெரிக்கா, கனடாவிலிருந்து 120 வோல்ட் ஹேர் டிரையரும் மின்கசிவு வந்தால் அறுக்கும் அங்குள்ள ஜி.எஃப்.சி.ஐ. அடாப்டரும் கொண்டுவர வேண்டாம். இங்கே அவை உதவா.

வீட்டுக்காக ஒரே ஒரு செலவு செய்ய முடியும் என்றால், மின்கசிவு வந்தால் லைனை அறுக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. போட்டுத் தாருங்கள். எர்த் வயர் இல்லாத லைனிலும் அது வேலை செய்யும். உடல் வழியே தரைக்கு மின்சாரம் கசியும்போது அறுத்துவிடும். ஒரு சிக்கல் உண்டு: எர்த் இருந்தால் கசிவு தொடங்கியதுமே அறுக்கும், இல்லாவிட்டால் யாராவது தொட்ட பிறகே அறுக்கும். பேஸையும் நியூட்ரலையும் சேர்த்துத் தொட்டால் எதுவும் காப்பாற்றாது. கரண்ட் போய் இன்வெர்ட்டரில் ஓடும்போதும் மெயினில் உள்ள ஆர்.சி.சி.பி. அந்த லைனைக் காக்காது.

பழைய வீட்டில் ஆர்.சி.சி.பி. மாட்டிய மறுநாளிலிருந்தே அடிக்கடி தானாக அணையலாம். காரணம் பெரும்பாலும் கசியும் வயர் அல்லது இரண்டு லைனுக்குப் பொதுவாக இழுத்த நியூட்ரல். “பாக்ஸே சரியில்லண்ணே” என்று அதைத் தவிர்த்து நேராக வயர் இணைத்து ஜம்பர் அடிக்க விடாதீர்கள். கசியும் லைனைத் தேடச் சொல்லுங்கள். மாதம் ஒருமுறை அதிலுள்ள ‘டி’ என்ற சோதனைப் பட்டனை அழுத்திப் பார்க்கும்படி வீட்டிலும் சொல்லிவிட்டுப் போங்கள்.

எர்த் இழுக்கும்போது இரண்டு குறுக்கு வழிகளுக்கு இடம் கொடாதீர்கள். பிளக்கின் எர்த் முனையை நியூட்ரலோடு சேர்த்துக் கட்டினால், நியூட்ரல் அறுந்த நொடியில் ஃபிரிட்ஜ், கிரைண்டர் உடலெல்லாம் பேஸ். வாசல் அடிபம்பிலோ தண்ணீர்க் குழாயிலோ கட்டினால், தண்ணீர் அடிக்க வந்த பக்கத்து வீட்டம்மாவுக்கு ஷாக். சரியான வேலை தனி எர்த் குழியிலிருந்து பச்சை வயர் போர்டு வரை வருவது. லைட் லைனுக்கு 1.5 சதுர மில்லிமீட்டர் செப்பு வயரும் மின்சாரம் மிகையானால் தானாக அணையும் 6 ஆம்பியர் எம்.சி.பி.யும் போதும். ஐ.எஸ்.ஐ. முத்திரை பார்த்து, பில் போட்டு வாங்குங்கள். அரசு உரிமம் உள்ள எலெக்ட்ரீஷியனே செய்யட்டும்.

யாராவது கரண்டில் ஒட்டிக்கொண்டால் கையைப் பிடித்து இழுக்காதீர்கள். மெயின், இன்வெர்ட்டர் இரண்டையும் அணையுங்கள். முடியாவிட்டால் காய்ந்த மரக்கட்டையால் தள்ளிவிட்டு 108-ஐ அழையுங்கள். இந்தப் பகுதிக்குப் பக்கத்தில் இருப்பது ஸ்டான்லி அரசு மருத்துவமனை. தெருக்கம்பத்திலோ சர்வீஸ் வயரிலோ கோளாறு என்றால் நீங்கள் கை வைக்காமல் மின்வாரியப் புகார் மையமான மின்னகம் 94987 94987-க்குச் சொல்லுங்கள்.